அலவி முதலாளியின் பாதிச் சீட்டு

அலவி முதலாளி கடைக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது நூற்று முப்பத்தேழு ரூபா அறுபது சதம்.

எழுபத்தி நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் பட்ட கடன் அது. அந்த வருஷம் தேயிலைத் தோட்டத்தில் அரிசி கிடையாது, மாவும் அளந்து அளந்துதான் கொடுத்தார்கள். என் சம்சாரம் ஜெயலெட்சுமி ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்துவிட்டு எலும்பும் தோலுமாய் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில், ரெங்கம்மா அண்ணி இருந்தார். செத்துப்போன என் அண்ணனுடைய பெண்சாதி. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காதில் கிடந்த கல் வைத்த தோடு இரண்டையும் கழற்றி என் கையில் வைத்து, "போயி ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க தம்பி, அவளப் பாக்க முடியல" என்றார். அந்தத் தோடு ஒன்றுதான் அவரிடம் இருந்த தங்கம்.

அலவி முதலாளி பதுளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வட்டி வாங்க மாட்டார், அவர்கள் மார்க்கத்தில் அது ஆகாது. நகையை ஈடாக வைத்துக்கொண்டு சாமான் கொடுப்பார். சாமானுக்குண்டான பணம் மொத்தமாய் வந்த அன்றைக்கு நகை திரும்பும். பேர் மட்டும் எங்கேயும் எழுத மாட்டார். "எந்த லயத்துப் பொம்பளட நகை எந்தக் கடையில கெடக்குன்னு ஊருக்கு ஏன் தெரியணும்?" என்பார். பேருக்குப் பதிலாக ஒரு சீட்டு. சுவரில் தொங்கும் கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து எடுப்பார். பின்பக்கத்தில் தொகையை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை எழுதுவார். முன்பக்கத்தைத் திருப்பி, நமக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதுவார். பிறகு தாளைக் குறுக்கே இரண்டாகக் கிழிப்பார். மேல்பாதி நகையோடு துணிப் பொட்டலத்துக்குள் போகும். கீழ்ப்பாதி நம் கைக்கு வரும். மீட்கப் போகும்போது இரண்டு பாதியையும் கண்ணாடி மேசை மேல் வைத்து ஒட்டிப் பார்ப்பார். கிழிசல் பொருந்தினால் நகை. அவ்வளவுதான்.

அந்தக் கீழ்ப்பாதியை நான் இரண்டரை வருஷம் வெற்றிலைத் தகரத்துக்குள் வைத்திருந்தேன்.

அந்த இரண்டரை வருஷத்துக்குள் எனக்கு எழுத்து வந்துவிட்டது. நான் தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். நாற்பத்திநாலு வயசில், ஞாயிற்றுக்கிழமைகளில், வேலை நாளில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் குந்திக்கொண்டு தொழிற்சங்கத் தலைவர் கணபதியிடம் எழுதப் படித்தேன். கத்தி பிடித்துக் காய்ச்சுப்போன கைக்குள் பென்சில் நிற்காது, வழுக்கும். முதல் வருஷம் முழுக்க 'அ'வும் 'ஆ'வும்தான். ரெண்டாம் வருஷம் பேர்ப் பலகை, பஸ் பலகை எல்லாம் வாசித்தேன். வாசிக்க வந்ததும் மனுசனுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். எதைக் கண்டாலும் எழுதிப் பார்க்கச் சொல்லும்.

தை மாதத்தில் ஒரு நாள் தகரத்தைத் திறந்தபோது சீட்டைப் பார்த்தேன். வெற்றிலைக் கறை, புகை, ஒரு மூலையில் எலி கடித்து ஓட்டை வேறு. மடிப்பில் கை வைத்தால் பொடிந்து விழும்போல் இருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் இது தாங்காது என்று தோன்றியது. கட்டம் போட்ட கொப்பியில் ஒரு தாள் கிழித்து, சீட்டைப் பக்கத்தில் வைத்து, அதே அளவுக்குக் கோடு போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதினேன். வியாழன் என்று அச்சடித்திருந்தது. ராகு காலம் போட்டிருந்தது. பின்பக்கம் தொகை. ஒன்றையும் விடவில்லை. அரை நாள் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டது. முடித்துப் பார்த்தபோது பழைய சீட்டைவிட என் சீட்டு அழகாய் இருந்தது.

பிறகு பழைய சீட்டை அடுப்பில் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று எல்லோரும் கேட்டார்கள். காரணம் இருந்தது. ஒரு கடனுக்கு இரண்டு காகிதம் வீட்டில் கிடந்தால், நாளைக்கு யாராவது எடுத்துக்கொண்டு போய் இரண்டு கடன் என்று சொல்லிவிட்டால்? பிரஜாவுரிமை, பதிவு என்று காகிதத்தால் கெட்ட சனம் நாங்கள். இருக்கிற காகிதத்துக்கும் பயம், இல்லாத காகிதத்துக்கும் பயம்.

அதற்கு முந்தின வருஷமே அலவி முதலாளி காலமாகிவிட்டார். கடையை அவர் மகன் ஷுக்ரி பார்த்துக்கொண்டார். மாசியில் ரெங்கம்மா அண்ணிக்கு இந்தியா போக நாள் வந்துவிட்டது. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவர் பேரும் மகள் குடும்பத்துப் பேரும் இந்தியாப் பக்கம் விழுந்திருந்தது. என் பேர் இந்தப் பக்கம். வெள்ளிக்கிழமை பதுளையில் ரயில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். போனால் போனதுதான். அண்ணி தோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வளர்த்த கிடாயை விற்றேன், மாசா மாசம் கட்டிவந்த சீட்டுப் பணத்தைத் தள்ளுபடி போக முன்கூட்டியே எடுத்தேன். நூற்று நாற்பது ரூபா தேறியது.

சம்பளத்துக்கு அடுத்த நாள், சனிக்கிழமை, பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். பணத்தையும் என் சீட்டையும் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

ஷுக்ரிக்கு இருபத்தைந்து வயசிருக்கும். சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன அண்ணே?"

"சீட்டு, தம்பி."

"சீட்டு எங்க?"

"இதுதான். பழசு நைஞ்சு போச்சு. நானே புதுசா எழுதினேன்."

"நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா. எழுத்து படிச்சிருக்கேன்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்த முட்டாள்தனத்தை மறைக்க மாட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து பொட்டலங்களைத் தேடினார். நூற்று முப்பத்தேழு அறுபது என்று வெளியே தொகைத் துண்டு குத்திய பொட்டலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துணி முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை. ஆனாலும் அது அண்ணியின் பழைய சேலைத் துண்டு என்று எனக்குத் தெரிந்தது.

"இதுதான் தம்பி."

"இருக்கலாம். பழைய பாதியக் கொண்டாங்க, ஒட்டிப் பாத்துட்டுத் தாரேன்."

"எரிச்சிட்டேனே."

ஷுக்ரி பொட்டலத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "அண்ணே, கோவிக்காதீங்க. வாப்பா மௌத்தாகி ரெண்டு மாசத்துல ஒருத்தன் வந்தான். சீட்டு ஆத்துல போச்சுன்னான், அழுதான். தொகையச் சரியாச் சொன்னான். சங்கிலி எப்பிடி இரிக்கும்னும் சொன்னான். பாவமா இருந்துச்சு, குடுத்துட்டேன். அடுத்த கெழம சொந்தக்காரப் பொம்பள பாதிச் சீட்டோட வந்து நின்னா. அறுநூறு ரூபா என் கையால கட்டினேன். அவன் அவட கொழுந்தன். எல்லாந் தெரிஞ்ச ஆள்தான் எடுக்க வருவான் அண்ணே, தெரியாதவன் எதுக்கு வரப்போறான்?"

பணத்தையும் என் சீட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நானும் கொழுந்தன்தான்.

சாயங்காலம் லயத்துக்கு வந்து ஜெயலெட்சுமியிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எழுத்து தெரியாத காலத்துல நாம எந்தக் காகிதத்தையும் எரிக்கல" என்றாள்.

"புதுசா எழுதி வச்சேனேடி."

"அந்தக் கடைக்காரரு ஒங்க கையெழுத்தப் பாத்துட்டா தோடு குடுப்பாரு? நாளைக்கு என்னையும் ஒரு படம் வரைஞ்சு வச்சிட்டு அடுப்புல போடுங்க."

சிரித்துவிட்டுத்தான் அழுதாள்.

அண்ணி பக்கத்துக் காம்பராவில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நடுச்சுவர் கூரைவரைக்கும் இல்லாததால் எல்லாம் கேட்டிருக்கும். நான் போய் வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"சரி விடுங்க தம்பி" என்றார். "வெறுங்காதா இருந்தா காத்து போக எடமிருக்கும்."

"இல்ல அண்ணி..."

"நான் குடுக்கும்போது திரும்பி வரும்னு நெனச்சா குடுத்தேன்?" என்றார். பிறகு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல், "அங்க போயி ஒரு மாசமாவது திங்கறதுக்கு ஆகுமேன்னு நெனச்சிருந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

அதைக் கேட்டபிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? செவ்வாய்க்கிழமை வேலைக்குப் பேர் போடவில்லை. அண்ணியையும் கூட்டிக்கொண்டு மறுபடி பதுளைக்கு வந்தேன்.

கடையில் கூட்டமில்லை. ஷுக்ரி எங்களைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். மரியாதையாக அண்ணிக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அண்ணி உட்காரவில்லை. நான் பணத்தையும் என் சீட்டையும் மறுபடி மேசையில் வைத்தேன்.

"தோடு என்னோடது முதலாளி" என்றார். "எடது பக்கத்துத் தோட்டுல நடுக்கல்லு இல்ல. கொழுந்து பறிக்கயில விழுந்துருச்சு. அவுத்துப் பாருங்க."

"பாக்கத் தேவயில்ல அக்கா. நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியுது. ஆனா எனக்குத் தெரியுறது சீட்டு இல்லயே. வாப்பா ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனாரு: கிழிசல் பொருந்தாம குடுக்காத, அழுகைக்குக் குடுக்காத, ஒறவுக்குக் குடுக்காத."

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. நடுவில் ஒரு பூத்திரை. அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மகன், அந்த மனுசன் எழுதின தாளக் கொஞ்சம் கொண்டா."

அலவி முதலாளியின் பெண்சாதி, ஸுலைஹா அம்மா. நான் அதுவரைக்கும் குரல்கூடக் கேட்டதில்லை. ஷுக்ரி தாளைத் திரைக்குள் நீட்டினார்.

"மேல ஓரத்துல ஒரு வரி எழுதியிருக்காரே, அது என்ன?" என்று அந்த அம்மா கேட்டார். "வியாழனுக்கு மேல."

"அது அரபு எழுத்து அம்மா" என்றேன்.

"அரபா?"

"ஆமாங்க. எனக்குத் தமிழ்தான் தெரியும். அந்த வரியில ஒரு எழுத்துகூட எனக்கு வெளங்கல. ஒண்ணு கொக்கி மாதிரி இருந்துச்சு, ஒண்ணு கோழிக்கால் மாதிரி இருந்துச்சு. முதலாளி ஓதுற ஏதோ எழுதியிருக்காருன்னு நெனச்சேன். தப்பா எழுதினா பாவம்னு, குச்சி வச்சு அளந்து அளந்து அப்பிடியே வரைஞ்சேன்."

திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். கேலிச் சிரிப்பு இல்லை.

"அரபு வலமிருந்து இடம் போகும் தம்பி. இது அரபில்ல. உங்கட முதலாளி எழுதின தமிழ்தான். எழுதி, எழுத்துட இடுப்போட கிழிப்பாரு. தலயெல்லாம் எங்கட்ட, காலெல்லாம் உங்கட்ட. நீங்க வரைஞ்சு வச்சிரிக்கது வெறுங்காலு."

எனக்கு அப்போதும் சட்டென்று புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. "அப்ப அதுக்குத் தல உள்ள இருக்கா?" என்றார்.

"இரிக்கி. மகன், பொட்டலத்த எடு."

"உம்மா, வாப்பா சொன்னது..."

"வாப்பா பொருந்தணும்னுதானே சொன்னாரு? பொருந்துதான்னு பாக்காமலே இல்லன்னா எப்பிடி?"

ஷுக்ரி பெட்டியை எடுத்தார். அவர் புத்திசாலி. எங்கள் பொட்டலத்தை முதலில் எடுக்கவில்லை. வேறு இரண்டு பொட்டலத்திலிருந்து மேல்பாதிகளை எடுத்து, என் தாளின் ஓரத்தை அந்த வரியின் மேலோடு மடித்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. ஒரு தலை இங்கே, ஒரு கால் அங்கே என்று தொங்கியது.

"எந்தத் தலயும் எந்தக் காலோடயும் ஒட்டும்னா அது சோதனையே இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

பிறகு சேலைத் துண்டு முடிச்சை அவிழ்த்தார். மேல்பாதியை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, என் தாளை மெதுவாக அதற்குக் கீழே தள்ளினார். கொக்கி என்று நான் நினைத்தது ஒரு 'வு'வின் வால். கோழிக்கால் என்று நினைத்தது இரண்டு எழுத்துகளின் அடி. ஒவ்வொரு காலும் அதனதன் தலைக்குக் கீழே போய் நின்றது.

ஷுக்ரி விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க ஒரு எழுத்துக்குக் காலில்ல. அதுக்குப் பதிலா ஒரு வட்டம் போட்டிரிக்கீங்க. இது என்ன?"

"அங்க எலி கடிச்சிருந்துச்சு தம்பி. ஓட்டைக்கு ஓட்டை போட்டேன்."

"ஓட்டையுமா எழுதினீங்க?"

"உள்ளத உள்ளபடி எழுதணும்னு தலைவர் சொல்லியிருந்தாரு."

ஷுக்ரி முதன்முறையாகச் சிரித்தார். பிறகு வரியை முழுக்க வாசித்தார். சத்தமாக வாசிக்க ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"ஸல்மாவுக்குக் காய்ச்சல் விட்டது."

ஸல்மா ஷுக்ரியின் தங்கச்சி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இப்போது வெலிமடையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஒம்பது நாள் காய்ச்சல்" என்றார் ஸுலைஹா அம்மா. "பிழைக்காதுன்னுதான் சொன்னாங்க. அன்னக்கி விடியக்கால சுபஹ் தொழுகையோட வேர்த்துச்சு. கடைக்குப் போனவரு இத யார்ட்டயாவது சொல்லணும்னு இருந்திருப்பாரு. சொல்லமாட்டாரே அந்த மனுசன். எழுதிக் கிழிச்சிரிக்காரு."

நான் என் சம்சாரம் பிழைக்க அரிசி வாங்க வந்த நாள் அது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று மாவு நிறுத்துக் கொடுத்தவர் முகத்தில் எதையும் நான் பார்த்ததாக ஞாபகமில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்து எதையும் கேட்கவில்லை.

ஆனால் ஷுக்ரி இன்னும் பொட்டலத்தை நீட்டவில்லை. தாளைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இத வரைஞ்ச ஆளு உண்மையான சீட்டப் பாத்துத்தான் வரைஞ்சாரு. அது நிச்சயம். எழுத்துத் தெரிஞ்ச எவனும் வெறுங்கால வரையமாட்டான், வார்த்தையா ஆக்கிருப்பான். ஆனா பாத்து வரைஞ்சா போதுமே. உண்மைச் சீட்டு வேற ஒருத்தர் கையில இருந்து, நாளைக்கு அவர் வந்து நின்னா?"

நியாயமான கேள்விதான். எரித்ததற்குச் சாட்சி அடுப்புச் சாம்பல்தான், அதையும் ஜெயலெட்சுமி அன்றாடம் அள்ளிக் கொட்டிவிடுகிறாள்.

"தம்பி" என்றேன், "அண்ணி வெள்ளிக்கிழமை இந்தியா போயிருவாங்க. நான் போகல. என் பேரு இந்தப் பக்கத்துல விழுந்திருச்சு, சாகிற வரைக்கும் அந்த மலையிலதான் கத்தி பிடிக்கணும். யாராச்சும் அந்தப் பாதியோட வந்து நின்னா எனக்கு ஆள் சொல்லி அனுப்புங்க. தோட்டு வெலைய மாசா மாசம் கட்டிக் கழிக்கிறேன். எழுதி வேணா வாங்கிக்கங்க."

ஷுக்ரி திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. இது நீயே முடிவு செய்ய வேண்டியது என்று விட்டுவிட்டார்கள்போல. அண்ணி என் பக்கமாய்த் திரும்பி, "வேணாம் தம்பி, ஒங்களுக்கு எதுக்குப் புதுசா ஒரு கடன்?" என்றார் மெதுவாக.

ஷுக்ரி பணத்தை எண்ணத் தொடங்கினார். பத்து ரூபாத் தாள்கள், இரண்டு ரூபாத் தாள்கள், கிடாய் விற்ற பணத்தில் ஒட்டியிருந்த மஞ்சள். இரண்டு தடவை எண்ணினார். நூற்று நாற்பதில் இரண்டு ரூபா நாற்பது சதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பிறகு பொட்டலத்தை அண்ணியின் கையில் வைத்தார்.

"எழுத வேணாம் அண்ணே" என்றார். "யாரும் வரமாட்டாங்க. பொய்ச் சீட்டு செய்றவன் ஓட்டை போட்டுக் கொண்டுவரமாட்டான்."

அண்ணி அந்த இடத்திலேயே தோட்டைப் போட்டுக்கொண்டார். இரண்டரை வருஷத்தில் துளை தூர்ந்துபோய், இடது பக்கம் ஏறவே இல்லை. வலித்திருக்கும். முகம் சுளிக்காமல் அழுத்தித் திருகினார். கல் இல்லாத பக்கம் கறுப்பாய்த் தெரிந்தது.

"உம்மாவுக்கு அந்தத் தாள் வேணுமாம்" என்றார் ஷுக்ரி. "வழக்கமா ரெண்டு பாதியும் சேர்ந்தா கொளுத்திப்போடுவோம்."

"வச்சுக்கங்க தம்பி. எனக்கெதுக்கு?"

அவர் மேல்பாதியையும் என் தாளையும் ஒன்றாக ஊசி குத்தித் திரைக்குள் கொடுத்தார். பிறகு ஈடு வைத்தவர்களின் தொகை எழுதிய நீளக் கொப்பியை எடுத்தார். அதிலும் பேர் கிடையாது, தேதியும் தொகையும்தான். எழுபத்தி நாலு, ஜூலை பதினெட்டு, வியாழன். என் பக்கம் திருப்பிக் காட்டினார். நூற்று முப்பத்தேழு ரூபா அறுபது சதத்தை நானே வாசித்தேன். அதற்கு மேல் அவர் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக இழுத்து, பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினார். அதையும் வாசித்தேன். ஒரு எழுத்தும் குறையவில்லை.